சிகரெட்டையும் பிடுங்கிவிட்டால் அண்ணனுக்கு என்ன மிச்சம்?

16 பிப்ரவரி 2025, மாலை 6.15 (பட்டர்வொர்த் வாசகி ஒருவரின் கேள்வி)

என் அண்ணனுக்கு 54 வயது. பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறையை மூடி எட்டு மாதம் ஆகிறது. பத்து வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை. டாக்டர் புகையை விடச் சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போய்விட்டது, இனிப்பு கூடாது, சோறும் ருசிக்கவில்லை என்கிறார். அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அந்தச் சிகரெட்தான். மனசு உடைந்து கிடப்பவரிடம் அதையும் பிடுங்குவது பாவமில்லையா? முதலில் மனசு தேறட்டும், அப்புறம் புகையைப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

16 பிப்ரவரி 2025, இரவு 10.40

தங்கச்சி, பாவமில்லை. நீங்கள் சொல்லும் வரிசையில்தான் எனக்குச் சம்மதமில்லை. "முதலில் மனசு, அப்புறம் புகை" என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு 2009-லிருந்து இனிப்பு நீர். 2014-இல் தம்பி இறந்துபோனான். அடுத்த வருடம் பாயான் லெப்பாஸில் நாங்கள் வேலை பார்த்த ஃபேக்டரி லைனையே மூடிவிட்டார்கள். மனசும் தேறவில்லை, புகையும் நிற்கவில்லை. ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டும் நின்றன.

சிகரெட் ஆறுதல் தருகிறது என்கிறோமே, அது எந்த ஆறுதல்? உடம்பில் ஏறிய நிக்கோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். குறையக் குறைய எரிச்சல் வரும், படபடப்பு வரும், ஒரு வேலையில் கவனம் நிற்காது. அடுத்த சிகரெட் அடக்குவது அந்த எரிச்சலைத்தான். பட்டறை மூடிய துக்கத்தை அது தொடுவதே இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது. ஒரு நாளைக்கு 20 தடவை கிள்ளி, 20 தடவை ஆட்டினால் யாருக்கும் தொட்டில்தான் தெய்வமாகத் தெரியும்.

2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கட்டுரை ஒன்று வந்தது. புகையை விட்டவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றும், விடாதவர்களைவிடக் குறைந்திருந்தன. குறைந்த அளவு, மனச்சோர்வு மாத்திரைகள் தரும் பலனுக்கு ஈடாக இருந்தது. ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களிடமும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: வரெனிக்லின் என்று புகையை விட ஒரு மாத்திரை உண்டு. மனசு சரியில்லாதவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது. 2013-இல் ஒரு மருந்துக் கடையில் எனக்கு இதைச் சொன்னார்கள்.

இன்னொன்று. ஒருவர் அடியோடு விடுவதற்கு 30 முறை முயல வேண்டும் என்று ஆய்வு சொல்கிறது. முதல் தடவை தோற்றால் தளர்ந்துவிட வேண்டாம். எனக்கு ஏழாவது தடவையில், 2016 ஆகஸ்டில், நின்றது. விட்ட பிறகு மனசுக்கு ஒரு கேடும் வரவில்லை.

17 பிப்ரவரி 2025, காலை 7.05

நேற்று எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரியை எடுக்கச் சொன்னாள். "கேடு வரலையா? மூணு வாரம் இந்த வீட்டுல யாராவது நிம்மதியா சாப்பிட்டோமா?" என்றாள். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதும், மகள் டியூஷன் காசு கேட்டதற்கு நடுக்கூடத்தில் நின்று கத்தியதும் அவளுக்கு நாள் வாரியாக நினைவிருக்கிறது. எனக்கு மறந்திருந்தது.

வரியை எடுக்கவில்லை, இங்கே திருத்துகிறேன். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அந்த வாரங்களில் மனசு கீழே இறங்கத்தான் செய்யும். முன்பே சோர்ந்திருப்பவருக்கு இன்னும் கூடவே இறங்கலாம். தங்கச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் அண்ணனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளத்தான் காரணமாக வேண்டும், சிகரெட்டைக் கையில் விட்டு வைப்பதற்கு இல்லை.

18 பிப்ரவரி 2025, இரவு 9.20

கோலாலம்பூரிலிருந்து மருந்தாளர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். உட்கார்ந்து படித்தேன். அவர் சொல்வதே சரி.

2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரெனிக்லின் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. மனநிலை கெடலாம், தற்கொலை எண்ணம் வரலாம் என்று. ஆகவே 2013-இல் எனக்குச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஈகிள்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 16 நாடுகளில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். சிலருக்கு வரெனிக்லின், சிலருக்கு புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரை, சிலருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. மனக் கோளாறுகள் வரெனிக்லினால் குறிப்பிடும்படி கூடவில்லை. மனநோய் உள்ளவர்களில் வரெனிக்லின் எடுத்தவர்கள் ஒன்பதாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை புகையைத் தொடாமல் இருந்தது 29.2 விழுக்காடு. வெற்று மாத்திரைக்காரர்கள் 11.4 விழுக்காடு. அந்த வருடம் டிசம்பரிலேயே கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

பழைய எச்சரிக்கை பத்து வருடத்துக்கு மேலாக என் தலைக்குள் அப்படியே கிடந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் தடுத்தேனோ! அந்தப் பத்தியை நம்ப வேண்டாம். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், மனசு சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

22 பிப்ரவரி 2025, மதியம் 2.30

ஈப்போ நண்பர் கேட்பது: "காவடிக்கு விரதம் இருப்பவன் 48 நாள் வெண்சுருட்டைத் தொடுவதில்லையே. மன உறுதி இருந்தால் போதாதா? எதற்கு மாத்திரை, ஆய்வு எல்லாம்?"

நண்பரே, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒன்பது வருடம் காவடி எடுத்தவன் நான். 513 படி. விரத நாளில் ஒரு இழுப்புக்கூட இழுத்ததில்லை, அவ்வளவாக ஆசையும் வந்ததில்லை. காவடியை இறக்கிவிட்டுக் கீழே வருவேன், கெண்டைக்கால் இரண்டும் நடுங்கும். இடுப்பில் மஞ்சள் வேட்டி மட்டும்தான். சட்டையே இல்லை, ஆனால் கை மட்டும் மார்புப் பக்கம் போய்ப் பையைத் தேடும். வாட்டர்ஃபால் ரோட்டில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் கூட்டாளி ஒருவன் பற்ற வைத்துத் தயாராக நிற்பான். 48 நாள் சும்மா இருந்த உடம்பு அந்த ஐந்து நிமிடத்தைத் தாங்காது.

ஏன் அப்படி என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்ததும்தான் தெளிந்தது. இஸ்ரேலிய விமானப் பணியாளர்கள், எல்லாரும் புகைப்பவர்கள். ஒரே ஆட்களைக் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் வைத்து, ஆசை எவ்வளவு என்று அவ்வப்போது கேட்டிருக்கிறார்கள். கடைசிச் சிகரெட்டைப் பிடித்து எவ்வளவு நேரம் ஆனது என்பது பெரிதாகப் படவில்லை. இறங்க இன்னும் எவ்வளவு நேரம் என்பதுதான் ஆசையை ஏற்றியது. குறுகிய பயணம் முடியும் நேரத்தில் ஆசை உச்சிக்குப் போனது. நீண்ட பயணத்தில் அதே மணிக்கு, இன்னும் பாதி வானம் பாக்கி என்பதால், அடங்கிக் கிடந்தது.

விரதத்துக்கு முடிவு தேதி உண்டு. இன்றைக்குக் கிடையாது என்று உடம்புக்குத் தெரிந்தால் அது கேட்காது. தைப்பூசம் முடிந்தால் கிடைக்கும் என்றும் அதற்குத் தெரியும். மன உறுதி எனக்கு இருந்தது. முடிவு தேதியும் கூடவே இருந்தது. விரதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. முருகனுக்காக விட்டதைத் தைப்பூசத்து மறுநாளும் தொடராமல் போனேனே என்பதுதான் என் வருத்தம்.

2 மார்ச் 2025, இரவு 8.50

இன்று நோன்பு தொடங்கியது. பழைய ஃபேக்டரி நண்பர் ஒருவரோடு நோன்பு திறக்கப் போயிருந்தேன். பேரீச்சம்பழம் வாயில், லைட்டர் கையில். என் மலையடிவாரம்தான் நினைவுக்கு வந்தது. பகல் முழுவதும் விடும் மனிதர் இரவையும் கொஞ்சம் நீட்டினால் போதும் என்று சொன்னேன். சிரித்தார். ஆனால் ரோட்டோரம் போய்ப் பற்ற வைத்தவர், பாதியிலேயே அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். 2019 ஜனவரியிலிருந்து சாப்பாட்டுக் கடையில் புகைக்கத் தடை, மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அந்த மூன்று மீட்டர் நடக்கச் சோம்பல்பட்டே குறைத்தவர்கள் எனக்குத் தெரிந்து நாலு பேர்.

அந்த மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இருந்தபோது நினைவுக்கு வந்த விஷயம் ஒன்று, யாரும் எனக்குச் சொல்லாதது. சிகரெட் புகையில் உள்ள தார், கல்லீரலில் காஃபினை அழிக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. அதனால் புகைப்பவர் உடம்பில் காப்பி சீக்கிரம் கரைந்துவிடும். புகையை விட்டால் அந்த நொதி சோம்பிவிடும், அதே அளவு காப்பிக்கு இரத்தத்தில் காஃபின் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும். நான் ஒரு நாளைக்கு நாலு காப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடிப்பவன். விட்ட வாரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நடுங்கியது, இரவு இரண்டு மணிக்கு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சிகரெட் இல்லாமல் என்னால் முடியாது என்பதற்கு இதுவே சாட்சி என்று நினைத்தேன். பாதிப் படபடப்பு காப்பியினுடையது! விடுகிற அன்றிலிருந்தே காப்பி, தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம் வாங்குபவர்களுக்கும் காப்பியில் ஒரு கண்ணி இருக்கிறது. காப்பி குடித்த வாயில் அந்தக் கம் சரியாக வேலை செய்யாது, கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். சாதாரணக் கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கல்தான் மிச்சம். நாலைந்து தடவை மெல்ல வேண்டும், காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் திரும்ப மெல்லலாம்.

9 மார்ச் 2025, மாலை 4.00

தங்கச்சி தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணனைக் கிளினிக்கில் மனசு பற்றிக் கேட்டார்களாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். அப்படியென்றால் மனச்சோர்வு இல்லைதானே?"

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

2015 கடைசியில் ஒரு கிளினிக்கில் என்னிடமும் ஒன்பது கேள்வி கொண்ட தாளைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொல்லைகள் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும் தாள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. அதிகபட்சம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் கூடுதலாக விசாரிக்க வேண்டும். 2001-இல் வந்த பி.எச்.கியூ-9 அது. உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், நல்ல கருவிதான். எனக்கு வந்தது மலாயில். "குராங் மினாட்" (ஆர்வம் குறைவு) என்று முதல் கேள்வி. மலாய் எனக்கு நன்றாகவே வரும், ஃபேக்டரியில் நாள் முழுவதும் அதில்தான் பேச்சு. ஆனால் அந்தச் சொல் எனக்குப் பந்து விளையாட்டில் ஆர்வமில்லாதவனைத்தான் காட்டியது. பின்னால் பன்னிரண்டு பேர் வரிசை. ஒன்பதுக்கும் சைபர் போட்டுக் கொடுத்தேன். மொத்தம் சைபர். சந்தோஷமான மனிதன் என்று அந்தத் தாள் சொன்னது.

அந்தத் தாளின் நகலை மனைவி வீட்டில் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்: "ஏங்க, எதுலயும் பிடிப்பு இல்லாமப் போச்சா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு கட்டு கீரை முடியும் வரை அழுதேன். தம்பி போன அன்றுகூட அழாதவன். அவள் நிறுத்தாமல் ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டை ஒருபுறம், இலையை ஒருபுறம். அவள் கேட்டதும் அதே முதல் கேள்விதான். ஆனால் மலாய்த் தாளில் அது என்னைத் தொடவில்லை. அவள் கேட்டபோது தொட்டது.

நம் ஆட்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, "எனக்கு மனச்சோர்வு" என்று வாயில் வராது. பேப்பரில் மன அழுத்தம் என்றும் மன உளைச்சல் என்றும் மனச்சோர்வு என்றும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், எது எது என்று படிப்பவனுக்கே புரிவதில்லை. வாயில் வருவது வேறு. உடம்பெல்லாம் வலி, சோறு இறங்கலை, தூக்கம் பிடிக்கலை, சும்மா இருக்கணும் போல இருக்கு. உங்கள் அண்ணனுக்குச் சோறு ருசிக்கவில்லை என்று முதல் நாளே நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதினீர்கள். மனசின் கணக்கிலும் எழுதிப் பாருங்கள். நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு இல்லாதவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கேளுங்கள். தமிழில் கேளுங்கள். அவர் கை வேறொரு வேலையில் இருக்கும்போது கேளுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் நேராகவே கேட்கலாம், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை, தனியாக விடவே கூடாது. நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மலேசியாவில் ஹீல் 15555 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது, காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்கள் இருக்கிறார்கள்.

10 மார்ச் 2025, காலை 6.40

30 முறை என்று முதல் நாள் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "எனக்கு இது ஐந்தாவது, இன்னும் 25 பாக்கியா?" என்று சோர்ந்து போய் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன். அது கனடாவில் ஒண்டாரியோ மாநிலத்துப் புகைப்பவர்களைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் கட்டிய மதிப்பீடு. கணக்குப் போடும் விதத்தைப் பொறுத்து 6 என்றும் வருகிறது, 142 என்றும் வருகிறது. காலையில் விட்டு மாலையில் பற்ற வைத்ததும் அதில் ஒரு முயற்சிதான். 30 என்பது கட்ட வேண்டிய பாக்கி இல்லை. உங்களுக்கு ஐந்தாவதே கடைசியாகலாம்.

23 மார்ச் 2025, இரவு 9.45

சர்க்கரை பற்றி யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன். சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டுவிட்டார்: "விட்ட பிறகு என் கணவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. இது என்ன நியாயம்?"

எனக்கும் ஏறியது. விடும்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) 7.4. எட்டு மாதம் கழித்து 7.8. ரிப்போர்ட்டைப் பார்த்த தாதி, பலர் முன்னிலையில், "வாயைக் கட்ட முடியாதா?" என்றார். சாப்பாட்டைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். அந்த மாதம் திரும்பப் பற்ற வைத்திருப்பேன். பையில் காசு இல்லாததால் தப்பித்தேன்.

பிறகு தெரிந்துகொண்டது இது. இங்கிலாந்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனிப்பு நீர்க்காரப் புகைப்பவர்களின் பதிவேடுகளைப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.21 ஏறியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூன்று வருடத்தில் விடாதவர்களோடு சமமாயிற்று. எடை ஏறியதால்தான் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியவில்லை. எடை வேறு ஏறும். முதல் வருடத்தில் சராசரியாக நாலு, ஐந்து கிலோ. ஆகவே, அம்மா, உங்கள் கணவர் மேல் தப்பில்லை. விடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி, முதல் வருடம் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, மருந்தைச் சரி செய்துகொள்ளச் சொல்லுங்கள். இதை முன்கூட்டியே எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

"அப்படியென்றால் எதற்கு விட வேண்டும்?" என்ற அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. இரத்தக் குழாய்க்காக. சர்க்கரையும் குழாயை அரிக்கிறது, புகையும் அரிக்கிறது. இரண்டும் சேரும் இடம் கால் விரல். கிளினிக்கில் மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "முடிந்தது, கண்ணைத் திறங்கள்" என்றார்கள். பெருவிரலில் தொட்டதே எனக்குத் தெரியாது. அதற்கு அடுத்த வாரம்தான் புகையை விட நாள் குறித்தேன்.

வயதாகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு: 1951-இல் தொடங்கி ஐம்பது வருடம் பிரிட்டிஷ் டாக்டர்களைத் தொடர்ந்து பார்த்த டால் ஆய்வு 2004-இல் சொன்னது, 50 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய 6 வருட ஆயுள் கூடுகிறது, 60-இல் விட்டாலும் 3 வருடம். உங்கள் அண்ணனுக்கு 54, தங்கச்சி.

6 ஏப்ரல் 2025, மாலை 5.10

காசைப் பற்றி இரண்டு வரி. பெட்டி 17 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் வருடம் 6,205 வெள்ளி. வேலையில்லாத வீட்டில் இது சின்னத் தொகையில்லை. கடத்தல் சிகரெட் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்வீர்கள், தெரியும். நுரையீரலுக்கு வரி கட்டிய புகை, கட்டாத புகை என்ற பேதம் கிடையாது.

காசு கொடுத்தால் விடுவார்களா என்று அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் 878 ஊழியர்களிடம் பார்த்தார்கள். 2009-இல் வந்த ஆய்வு. நின்றவர்களுக்குப் படிப்படியாக 750 டாலர் வரை. பணம் உண்டு என்றவர்களில் 14.7 விழுக்காட்டினர் விட்டார்கள், தகவல் மட்டும் பெற்றவர்களில் 5 விழுக்காடு. பிலிப்பைன்ஸில் மின்டனாவோவில் வேறு மாதிரி செய்தார்கள். உன் பணத்தை நீயே வங்கியில் போடு, ஆறு மாதத்தில் சிறுநீர்ச் சோதனையில் தோற்றால் பணம் தர்மத்துக்குப் போய்விடும். பத்தில் ஒருவர்தான் சம்மதித்தார்கள், ஆனால் அந்த ஏற்பாடு பலன் கொடுத்தது. நம் வீடுகளில் சீட்டு பிடிக்கிற அக்காமார் இதை ஒரு வாரத்தில் நடத்திக் காட்டுவார்கள் என்று என் மாமியார் சொல்கிறார். முதல் சீட்டை அவரே எடுத்துக்கொள்வாராம்.

7 ஏப்ரல் 2025, காலை 7.30

அவசரமாக ஒன்று. மகனுக்கு ஓலன்ஸாபின் என்ற மனநோய் மருந்து கொடுப்பதாகவும், அவனும் சிகரெட்டை விடப் போவதாகவும் ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அம்மா, விடுவதற்கு முன் மனநல டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காப்பிக்குச் சொன்னேனே, அதே நொதிதான் ஓலன்ஸாபினையும், அதே வகை மருந்தான குளோஸாபினையும் கரைக்கிறது. புகை நின்றால் மருந்து இரத்தத்தில் ஏறும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம். நொதியை முடுக்குவது புகையின் தார்தான், நிக்கோட்டின் இல்லை. பட்டை ஒட்டினாலும் இந்த மாற்றம் வரத்தான் செய்யும். மருந்தை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

வேப் (மின் சிகரெட்) பற்றிக் கேட்டவர்களுக்கு: என் கருத்து, சிகரெட்டிலிருந்து இறங்க ஒரு படியாக இருக்கலாம், ஏறுவதற்குப் படியாகக்கூடாது. புகைக்காத பிள்ளை கையில் அதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

4 மே 2025, இரவு 10.15

இரண்டு மாதமாக என்னை அரிக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் 26 ஆய்வுகள் என்று அடித்துச் சொன்னேன். விட்டவர்களுக்கு மனசு தேறியது சரி. ஆனால் மனசு தேற ஆரம்பித்தவர்கள்தான் விட்டிருப்பார்களோ? எது முந்தி, எது பிந்தி? கட்டுரை எழுதியவர்களும் இதை யோசிக்காமலில்லை. 2021-இல் 102 ஆய்வுகளோடு விரிவாகத் திரும்பப் பார்த்தார்கள். விட்டதால் மனசு கெடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, தேறுகிறது என்ற பக்கம்தான் தராசு சாய்ந்தது. எனக்கு இது போதும். ஆனால் முதல் நாள் எழுதிய தோரணையில் இன்று எழுத மாட்டேன். என் விஷயத்தில் எது முந்தியது? கீரை ஆய்ந்த நாள் முந்தியது, ஆகஸ்ட் பிந்தியது. நடுவில் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் நான் புகைத்துக்கொண்டே மாத்திரையும் எடுத்தேன், வாரம் ஒருமுறை ஆலோசகரிடமும் பேசினேன். அப்படியென்றால் தங்கச்சி சொன்ன வரிசை என் வாழ்க்கையிலேயே கொஞ்சம் உண்மைதான். நான் மறுப்பது காத்திருப்பதை. மனசுக்கு வைத்தியம் தொடங்கிய அன்றே புகைக்கும் ஒரு தேதியைப் பேச ஆரம்பித்திருக்கலாம். யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மனசுக்கு ஒரு கதவு, சர்க்கரைக்கு ஒரு கதவு, புகைக்கு ஒரு கதவு என்று அலைந்த அலைச்சல் இருக்கிறதே! அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மனச்சோர்வோடு நீரிழிவோ இதய நோயோ இருந்த 214 பேரை எடுத்து, அவர்களில் பாதிப் பேரில் ஒவ்வொருவரையும் ஒரு தாதியிடம் ஒப்படைத்தார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, மனசு எல்லாம் அவர் பார்வையில். மருத்துவர்கள் அவர் பின்னால். ஒரு வருடத்தில் நாலுமே தேறின. 2010-இல் வந்தது. நம் மலேசியாவில் 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. மனச்சோர்வு 2019-இல் 2.3 ஆக இருந்தது, 2023-இல் 4.6. இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் எத்தனை வீடு இருக்கும் என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. அங்கே ஒரு தாதி செய்ததை எங்கள் வீட்டில் மனைவி செய்தாள், சம்பளம் இல்லாமல். காலண்டரில் மூன்று நிறத்தில் மூன்று கிளினிக் தேதிகளையும் வட்டமிட்டு.

25 மே 2025, காலை 11.20

தங்கச்சியிடமிருந்து நேற்று இரவு வந்ததை அவர் அனுமதியோடு போடுகிறேன். கேட்டாராம். அண்ணன் பழைய சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாராம். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு, "காலையில எழும்பணும்னே தோணல" என்றாராம். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்றும் நேராகக் கேட்டிருக்கிறார். இல்லை, பசியே இல்லாத மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றாராம். வியாழக்கிழமை அரசாங்கக் கிளினிக்குக்கு இரண்டு பேரும் போனார்கள். தங்கச்சி கூட உட்கார்ந்து ஒன்பது கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பதில் சொன்னார். மொத்தம் 14. அதே நாள், அதே கட்டடத்தில், புகை விடும் பிரிவில் மூச்சை அடக்கிக் குழாயில் ஊதச் சொன்னார்கள். புகையோடு உடம்பில் ஏறும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு 27 காட்டியது. என்னுடையது முதல் நாளில் 22. ஒரு நாள் புகைக்காமல் இருந்துவிட்டு ஊதினால் அந்த எண் எப்படி விழுகிறது என்று பார்க்கட்டும், மாத்திரையைவிட அது எனக்குத் தெம்பு கொடுத்தது.

புகையை விடும் தேதி ஜூன் 1, ஞாயிறு. பட்டையும் கம்மும் கொடுத்திருக்கிறார்கள், மனசுக்கு மாத்திரை நேற்றிலிருந்து. முடிவு தேதி எதுவும் சொல்லவில்லை என்பதைத் தங்கச்சி தனியாகக் குறிப்பிட்டிருந்தார்.

தங்கச்சி, இரண்டாவது மூன்றாவது நாள்தான் கடினம். அண்ணனிடம் சொல்லுங்கள், ஜூன் 3, செவ்வாய், காலை 9 மணி ஃபெரியில் வருகிறேன். பட்டர்வொர்த் ஜெட்டியில் நிற்கட்டும். காப்பி வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். ரசத்தில் உப்பு கூடியிருந்தாலும் அந்த வாரம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.